நீரிழிவும் திட்டமிட்ட கருத்தரிப்பும்: ஒரு வரலாறு

நீரிழிவு நோய் உள்ள ஒரு பெண், கருவுறுவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு, குருதிச் சர்க்கரையைச் சீராக்கி, மருந்துகளில் வேண்டிய மாற்றங்களைச் செய்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொண்டு, அதன் பின்னர் கருவுறுவதே திட்டமிட்ட கருத்தரிப்பு எனப்படுகிறது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கின்றனர். ஆனால் இந்த அறிவுரை தோன்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னர் மருத்துவ உலகின் கவனம் குழந்தை பிறக்கும் நாளின் மீதும், அதையொட்டிய கடைசி வாரங்களின் மீதுமே இருந்தது. அந்தக் கவனம் பிறப்பிலிருந்து பேறுகாலம் முழுமைக்கும், அங்கிருந்து கரு உருவாகும் முதல் வாரங்களுக்கும், பின்னர் கருவுறுவதற்கு முந்தைய மாதங்களுக்கும் படிப்படியாக நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

கருவுற்ற பின் புதிதாகத் தோன்றிப் பெரும்பாலும் பிறப்புக்குப் பின் மறையும் நீரிழிவைப் பேறுகால நீரிழிவு என்பர். அது வேறு. கருவுறும் முன்பே முதல் வகை அல்லது இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெண்களைப் பற்றியதே இங்குக் கூறப்படுவது.

இன்சுலினுக்கு முந்தைய காலம்

நீரிழிவும் கருவும் ஒன்றுசேர்ந்ததைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் முக்கியமானது 1824ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஐன்ரிக் பென்னவிட்ஸ் என்பவர் இலத்தீன் மொழியில் அளித்த ஆய்வேடு. ஐந்தாம் முறை கருவுற்றிருந்த 22 வயதுப் பெண் ஒருவர் தீராத தாகத்துடன் மருத்துவமனைக்கு வந்தார். அவரது சிறுநீரில் சர்க்கரை இருந்தது. குழந்தை 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடை. அது பிழைக்கவில்லை. தாய் பிழைத்தார், பிறப்புக்குப் பின் அவரது சிறுநீரில் சர்க்கரை மறைந்தது. எனவே நீரிழிவு என்பது கருவுற்றதன் ஓர் அறிகுறி என்று பென்னவிட்ஸ் கருதினார். இன்றைய அறிவின்படி அப்பெண்ணுக்கு இருந்தது பேறுகால நீரிழிவாக இருக்கலாம். காரணம் தெரியாவிட்டாலும், அளவுக்கு மீறிப் பருத்த குழந்தை, அதன் இறப்பு ஆகிய இரண்டையும் அவர் தெளிவாகக் குறித்து வைத்தார்.

1882இல் இலண்டனில் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் மாத்யூசு டங்கன், நீரிழிவுள்ள பெண்களின் 22 கருவுறுதல்களைத் திரட்டி விவரித்தார். பேறுகாலத்தில் நீரிழிவு புதிதாகத் தோன்றலாம், பேறுகாலம் முடிந்ததும் மறையலாம், மறைந்தது மீண்டும் வரலாம் என்று அவர் காட்டினார். 1909இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் விட்ரிச் வில்லியம்சு, மருத்துவ ஏடுகளில் வெளிவந்த 66 கருவுறுதல்களைத் தொகுத்தார். தாய்மாருள் நான்கில் ஒருவருக்கும் மேல் பிறப்பின்போதோ அதையடுத்த இரண்டு வாரங்களிலோ இறந்திருந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேலும் பலர் இறந்தனர்.

இளம் வயதில் நீரிழிவு வந்த பெண்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. இன்று முதல் வகை நீரிழிவு எனப்படும் நோய் வந்த சிறுமியர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். பூப்பெய்தி, மணமாகி, கருவுறும் வயதை அடைந்தவர் மிகச் சிலர். கருவுற்ற ஒருவரிடம் மருத்துவரால் சொல்ல முடிந்தது, உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், இனி கருவுறக் கூடாது என்பதும்தான்.

இன்சுலின் தந்த வாய்ப்பு

கனடாவின் தொராண்டோ நகரில் பிரடெரிக் பாண்டிங், சார்லசு பெஸ்ட், ஜான் மெக்லியாட், ஜேம்சு காலிப் ஆகியோரின் உழைப்பால் கிடைத்த இன்சுலின் 1922 சனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாண்டிங்கிடம் சிகிச்சைக்கு வந்தவர்களுள் ஒருவர் எலிசபெத் இயூசு. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லசு எவான்சு இயூசின் மகள். 15ஆம் பிறந்தநாளை எட்டிக்கொண்டிருந்த அவர், பட்டினி உணவு முறையால் ஏறத்தாழ 20 கிலோ எடையுடன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். இன்சுலின் அவரை மீட்டது. 1930இல் திருமணம் செய்துகொண்டு மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். 1981 வரை வாழ்ந்தார்.

அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான சிறுமியர் வளர்ந்து பெரியவர்களாகி, தாய்மையை எதிர்நோக்கியபோதுதான் மருத்துவ உலகம் புதிய சிக்கலைக் கண்டது. இன்சுலின் வந்த பின் தாய்மாரின் இறப்பு விரைந்து குறைந்தது. குழந்தைகளின் இறப்பு அவ்வாறு குறையவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல மருத்துவமனைகளில் நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பையிலேயோ பிறந்த சில நாட்களிலோ இறந்தது. கடைசி மாதம் வரை துள்ளிக்கொண்டிருந்த குழந்தை முன்னறிவிப்பின்றி ஒரு நாள் அசைவற்றுப் போகும். தாய் நலமாக இருக்கும்போது சேய் ஏன் இறக்கிறது என்பது மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை.

பாஸ்டனில் பிரிசில்லா வைட்

இந்தச் சிக்கலுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பிரிசில்லா வைட். 1900இல் பிறந்த இவர் மருத்துவம் பயில விரும்பிய காலத்தில் ஆர்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்ப்பதில்லை. டப்ட்சு கல்லூரியில் பயின்று 1923இல் பட்டம் பெற்றார். 1924இல் பாஸ்டன் நகரில் நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லினிடம் பணியில் சேர்ந்து, 1974இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார்.

வைட்டின் முறை மூன்று தூண்களின் மீது நின்றது. முதலாவது, கருவுற்ற பெண்ணை நீரிழிவு மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகிய மூவரும் சேர்ந்து கவனித்தல். இரண்டாவது, அடிக்கடி சோதித்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்தல். மூன்றாவது, திடீர் இறப்பு நிகழும் கடைசி வாரங்களுக்கு முன்பே, பெரும்பாலும் அறுவை செய்து, குழந்தையை வெளியே எடுத்தல். முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் முதிராமல் மூச்சுத்திணறல் ஏற்படும் ஆபத்தும் இதில் இருந்தது. பிறக்கும் நாளை எவ்வளவு முன்னே தள்ளுவது என்பது ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கத்திமுனைக் கணக்காகவே இருந்தது.

1949இல் வைட் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். நோய் வந்த வயது, நோய் நீடித்த ஆண்டுகள், குருதிக்குழாய், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் பாதிப்பு ஆகியவற்றைக் கொண்டு கருவுற்ற பெண்களை எழுத்துக் குறியீடுகளால் அவர் பிரித்தார். எந்தத் தாய்க்கு எவ்வளவு ஆபத்து என்பதை ஓரளவு முன்னதாகவே மதிப்பிட இது உதவியது. நீரிழிவு உள்ள பெண் குழந்தை பெறக் கூடாது என்று பொதுவாகச் சொல்லி வந்ததற்கு மாறாக, ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே ஆராயும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. வைட் பணியைத் தொடங்கிய காலத்தில் அங்கு உயிர் பிழைத்த குழந்தைகள் பாதிக்குச் சற்று மேல். அவர் ஓய்வு பெறும்போது 90 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்த வெற்றிக் கதையில் ஒரு வழுக்கலும் உண்டு. நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பெண்மை இயக்குநீர்கள் குறைவதால்தான் குழந்தைகள் இறக்கின்றன என்ற கருத்தை ஏற்று, வைட் பல ஆண்டுகள் அவர்களுக்குச் செயற்கை இயக்குநீரான ஸ்டில்பெஸ்டிராலைக் கொடுத்து வந்தார். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தி, நீரிழிவுள்ள தாய்மாருக்கு இதனால் பயன் இல்லை என்று 1955இல் அறிவித்தது. 1971இல் அதே பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த வேறொரு ஆய்வு, கருவுற்றிருந்தபோது ஸ்டில்பெஸ்டிரால் உட்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவதைக் காட்டியது. நல்ல நோக்கமும் நல்ல கவனிப்பும் இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு மருந்தை நம்பலாகாது என்பதற்கு இது சான்றாக நிற்கிறது.

கோபனேகனில் கிடைத்த விளக்கம்

குழந்தை ஏன் பருக்கிறது, ஏன் இறக்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கத்தை அளித்தவர் தென்மார்க்கு நாட்டின் தலைநகர் கோபனேகனில் பணியாற்றிய யோர்கன் பெடர்சன். 1952இல் அவர் முன்வைத்த கருதுகோள் எளிமையானது. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் அவ்வாறு செல்லாது. எனவே தாய்க்குச் சர்க்கரை மிகும்போது குழந்தைக்கும் மிகும். குழந்தையின் கணையம் நலமாக இருப்பதால், வரும் சர்க்கரைக்கு ஏற்ப அது இன்சுலினை மிகுதியாகச் சுரக்கும். மிகுந்த சர்க்கரையும் மிகுந்த இன்சுலினும் சேரும்போது குழந்தையின் உடலில் கொழுப்பு படிந்து எடை ஏறும். பிறந்து கொடி அறுபட்டதும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழும்.

இக்கருத்தின் நடைமுறைப் பொருள் பெரிது. பேறுகாலம் முழுவதும் தாயின் சர்க்கரையைச் சீராக வைத்தால் குழந்தையைக் காக்கலாம். 1972இல் சுவீடனின் கோத்தன்பர்கு நகரில் கார்ல்சன், செல்மர் என்ற இருவர் இதை எண்களால் காட்டினர். பேறுகாலத்தின் கடைசிப் பகுதியில் தாயின் சராசரிக் குருதிச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தபோது பிறப்பையொட்டிய குழந்தை இறப்பு 3.8 விழுக்காடு, 100 முதல் 150 வரை இருந்தபோது 16 விழுக்காடு, 150ஐத் தாண்டியபோது 24 விழுக்காடு. மருத்துவர்களின் கவனம் இவ்வாறு பிறக்கும் நாளிலிருந்து பேறுகாலம் முழுமைக்கும் விரிந்தது.

குறையாத ஓர் எண்

குழந்தை இறப்பு குறையக் குறைய, அதுவரை மறைந்திருந்த இன்னொரு சிக்கல் வெளியே தெரிந்தது. 1964இல் கோபனேகன் குழுவினர், நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பிறந்த 853 குழந்தைகளை ஆராய்ந்தனர். 6.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் இருந்தன. ஏனைய தாய்மாரின் குழந்தைகளில் இது 2.1 விழுக்காடு. இதயத்தில் துளை, முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடாமை, சிறுநீரகக் குறைபாடு போன்றவை இவற்றுள் அடங்கும். பேறுகாலக் கவனிப்பு எவ்வளவு மேம்பட்டாலும் இந்த எண் இறங்கவில்லை. இறப்புக்கான பிற காரணங்கள் ஒவ்வொன்றாக விலக, பிறவிக் குறைபாடே முதன்மைக் காரணமாக எஞ்சியது.

இதற்கான விடை நாட்காட்டியில் இருந்தது. 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்சு மில்சும் அவருடன் பணியாற்றியோரும், நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் குறைபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அந்த உறுப்பு கருவில் எந்த வாரத்தில் உருவாகிறது என்று வரிசைப்படுத்தினர். அவை அனைத்தும் ஏழாவது வாரத்துக்கு முன்பே நிகழ்ந்தவை என்பது புலப்பட்டது.

இதன் பொருளைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கருவின் நரம்புக்குழாய் கருவுற்று நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. இதயம் அதையொட்டியே உருப்பெறுகிறது. தமிழில் கருவுற்றதை "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்றும் "முழுகாமல் இருக்கிறாள்" என்றும் சொல்கிறோம். மாதவிலக்கு வராததைக் கொண்டே கருவை அறிந்த காலத்தின் சொற்கள் இவை. நாள் தள்ளி, சில நாள் காத்திருந்து, வீட்டாரிடம் சொல்லி, மருத்துவரிடம் போவதற்குள் இரண்டாம் மாதம் முடிந்துவிடும். அப்போது குழந்தையின் முக்கிய உறுப்புகளின் அடித்தளம் முழுவதும் போடப்பட்டிருக்கும். எவ்வளவு திறமையான மருத்துவரும் அதன் பிறகு அந்த வாரங்களைத் திருப்பிக் கொண்டுவர இயலாது. குழந்தையைக் காக்க வேண்டுமானால், தாய் கருவுற்றிருப்பதை அவளே அறிவதற்கு முன் சர்க்கரை சீராக இருந்தாக வேண்டும்.

கடந்த மாதங்களைக் காட்டிய சோதனை

இக்கருத்தை உறுதிசெய்ய ஒரு கருவி தேவைப்பட்டது. பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலுடன் சிறுநீரைக் காய்ச்சி, நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவதைப் பலர் பார்த்திருப்பர். நெடுங்காலம் நீரிழிவு நோயாளிகள் வீட்டில் நம்பியிருந்தது இந்த முறையைத்தான். கருவுற்ற பெண்களுக்கோ குருதியில் சர்க்கரை மிகாதபோதும் சிறுநீரில் சர்க்கரை வெளியேறக்கூடும். ஆகவே அவர்களிடம் இச்சோதனை நம்பத்தக்கதன்று.

1968இல் ஈரானின் தெகரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரகுபர், நீரிழிவு நோயாளிகளின் குருதியில் ஈமோகுளோபினின் ஒரு தனி வடிவம் மிகுந்திருப்பதைக் கண்டார். குருதிச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அந்நாட்களில் குருதியில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதற்கேற்ப ஈமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. அதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். இதுவே இன்று எச்பிஏ1சி எனப்படும் சோதனை. கருவுற்ற பெண் இரண்டாம் மாதத்தில் வந்தாலும், கரு உருவான வாரங்களில் அவரது சர்க்கரை எப்படி இருந்தது என்பதை இது காட்டிவிடும்.

1981இல் பாஸ்டன் மருத்துவர்கள் 116 பெண்களிடம் இச்சோதனையைச் செய்து முடிவுகளை வெளியிட்டனர். முதல் மாதங்களில் இந்த அளவு 8.5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் 3.4 விழுக்காட்டினருக்குப் பெரிய குறைபாடு இருந்தது. அதற்கு மேல் இருந்தவர்களின் குழந்தைகளில் 22.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் வீட்டிலேயே விரலில் குத்தி ஒரு துளிக் குருதியில் சர்க்கரையை அளக்கும் கருவிகளும் பரவின. சீராக்கத்தின் பயன் தெரிந்தது. சீராக்குவதற்கான வழியும் பெண்களின் கைக்கு வந்தது.

எடின்பரோவின் முன்முயற்சி

கருவுறாத பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவமனையில் ஓர் இடம் ஒதுக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் செயலாக்கியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர் ஜூடித் ஸ்டீல். 1976இல் அங்கு, நீரிழிவுள்ள பெண்கள் கருவுறுவதற்கு முன்பே வந்து கலந்துபேசும் தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. சர்க்கரை சீராகும் வரை கருத்தடை, இன்சுலின் அளவைத் திருத்துதல், கண், சிறுநீரகச் சோதனை, குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள ஆபத்துகளை ஒளிவின்றி எடுத்துச் சொல்லுதல் ஆகியவை இத்தகைய பிரிவின் பணிகள். "குழந்தை பெறலாமா?" என்று அஞ்சியபடி வரும் பெண்ணிடம், "எப்போது பெறலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்" என்ற பேச்சு இங்கே தொடங்கியது.

1990இல் ஸ்டீலும் உடன் பணியாற்றியோரும் தம் அனுபவத்தை வெளியிட்டனர். இந்தப் பிரிவுக்கு வந்த 143 பெண்களின் குழந்தைகளுள் இருவருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது, இது 1.4 விழுக்காடு. அதே காலத்தில் முன்கூட்டி வராத 96 பெண்களின் குழந்தைகளுள் பத்துப் பேருக்கு இருந்தது, இது 10.4 விழுக்காடு. சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததற்கு ஒரு விலையும் இருந்தது. பேறுகாலத் தொடக்கத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து துன்பப்பட்டவர்கள் முதல் குழுவில் 38 பேர், இரண்டாம் குழுவில் 8 பேர். இதை மறைக்காமல் பதிவு செய்தது அவ்வாய்வின் சிறப்பு.

எடின்பரோவின் முடிவு தனித்து நிற்கவில்லை. அன்றைய கிழக்கு செருமனியில், நீரிழிவுக்கான நடுவண் நிறுவனம் இருந்த கார்ல்சுபர்கில், பூர்மன் என்பவரும் அவர் குழுவினரும் 1983இல் 420 கருவுறுதல்களைப் பற்றி அறிக்கை தந்தனர். கருவுறும் முன்பே கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய 128 பேரின் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டுமே குறைபாடு. கருவுற்ற பின் வந்த 292 பேரின் குழந்தைகளில் 22 பேருக்கு. 1991இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது: முன்னரே வந்தவர்களிடம் 1.2 விழுக்காடு, பின்னர் வந்தவர்களிடம் 10.9 விழுக்காடு.

எழுந்த ஐயம்

இந்த எண்களை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. முன்கூட்டியே மருத்துவரிடம் வரும் பெண்கள் பொதுவாகக் கல்வியிலும் வசதியிலும் உடல்நலப் பழக்கங்களிலும் மேம்பட்டவர்களாக இருக்கலாம். குறைபாடு குறைந்ததற்கு அதுவும் காரணமாகலாம் என்ற கேள்வி நியாயமானது. பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரின் சர்க்கரையைச் சீராக்காமல் விட்டுப் பார்ப்பது அறமாகாது. எனவே ஐயத்தை முற்றிலும் நீக்கும் ஆய்வு நடக்க வழியில்லை.

1988இல் மில்சு குழுவினர் வெளியிட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வும் எச்சரிக்கையோடு பேசியது. கருவுறும் முன்போ கருவுற்ற முதல் சில வாரங்களிலோ ஆய்வில் சேர்ந்த நீரிழிவுத் தாய்மாரிடம் குறைபாடு 4.9 விழுக்காடு, தாமதமாக வந்தவர்களிடம் 9 விழுக்காடு, நீரிழிவு இல்லாதவர்களிடம் 2.1 விழுக்காடு. முன்னதாக வருவது பயன் தருகிறது. ஆனால் சர்க்கரையைச் சீராக்கினால் எல்லா ஆபத்தும் மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த தாய்க்கும் குறைபாடுள்ள குழந்தை பிறக்கலாம். அதற்காக அவரைக் குற்றம் சாட்ட மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

அறிவுக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி

1989 அக்டோபரில் இத்தாலியின் சென்ட் வின்சென்ட் என்ற ஊரில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் நீரிழிவு பற்றிய புகழ்பெற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். நீரிழிவுள்ள பெண்ணின் பேறுகால விளைவு நீரிழிவு இல்லாத பெண்ணின் விளைவுக்கு நெருங்கி வர வேண்டும் என்பது ஐந்தாண்டு இலக்குகளுள் ஒன்று. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2002, 2003 ஆண்டுகளில் இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் நடந்த கணக்கெடுப்பின்படி, நீரிழிவுள்ள தாய்மாரிடம் பிறப்பையொட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 31.8. இது பொதுமக்களிடையே உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பெரிய குறைபாடுகள் ஆயிரத்துக்கு 46. இது இரண்டு மடங்குக்கும் மேல். கருவுறும் முன் ஆலோசனை பெற்றதாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டிலேயே நிலைமை இதுதான். தெரிந்த ஒன்று தேவைப்படுவோரிடம் போய்ச் சேரவில்லை.

இந்தக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. முன்னர் இரண்டாம் வகை நீரிழிவு நடுவயதினரின் நோயாகக் கருதப்பட்டது. இப்போது குழந்தை பெறும் வயதிலேயே அது வருகிறது. அவர்களுக்கு உள்ள ஆபத்தும் முதல் வகையினருக்கு உள்ளதற்குக் குறைவானதன்று. மாத்திரை மட்டும் சாப்பிடுவதால் தம் நோய் சிறியது என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு இத்துறையில் இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலங்களுள் ஒன்று. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியோரும் பேறுகால நீரிழிவைக் கண்டறிய எளிய முறை ஒன்றைப் பரப்பினர். கருவுற்ற பெண் கடைசியாக எப்போது உண்டார் என்பதைப் பொருட்படுத்தாமல் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பின் குருதியைச் சோதிப்பதே அம்முறை. சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேறுகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். வெறும் வயிற்றுடன் தொலைவிலிருந்து பேருந்தில் வர வேண்டியதில்லை என்பதால் கிராமப்புறப் பெண்களுக்கு இது உதவியது. 2007இல் தமிழ்நாடு அரசு, கருவுற்ற பெண்கள் அனைவரையும் சோதிக்க ஆணையிட்டது. பின்னர் நடுவண் அரசும் இம்முறையை ஏற்று நாடு முழுமைக்குமான வழிகாட்டலை வெளியிட்டது.

இந்தச் சோதனை கருவுற்ற பின் நடப்பது. கருவுறும் முன்பே நீரிழிவு இருந்த பெண்ணுக்கு, முன்னர் கூறிய ஏழு வாரங்கள் அதற்குள் கடந்துபோயிருக்கும். நம் சமூகத்தில் அந்த வாரங்களை எட்டுவது எளிதன்று. திருமணம் தடைபடுமோ என்று பெண்ணின் நீரிழிவைப் பெற்றோர் மறைப்பதுண்டு. மணமானவள் புகுந்த வீட்டில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்வதும் உண்டு. மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று உறவினர் கேட்கத் தொடங்கும்போது, "சர்க்கரை சீராகட்டும், ஆறு மாதம் பொறுப்போம்" என்று சொல்லும் துணிவு அவளுக்கு மட்டும் இருந்தால் போதாது. கணவனுக்கும் மாமியாருக்கும் இச்செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கருத்தரிப்பைத் திட்டமிடுவது ஒரு பெண்ணின் தனிப்பொறுப்பு அன்று. குடும்பமும், அவள் மாதந்தோறும் மாத்திரை வாங்கச் செல்லும் மருத்துவமனையும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு.

இன்றைய பரிந்துரைகள்

பல நாடுகளின் வழிகாட்டல்கள் இன்று ஏறத்தாழ ஒரே கருத்தைக் கூறுகின்றன.

கருவுறும் முன் எச்பிஏ1சி அளவை, சர்க்கரை மிகவும் தாழாத வகையில், 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவருவது நல்லது. அந்த இலக்கை எட்ட இயலாவிட்டாலும் குறையும் ஒவ்வொரு புள்ளியும் பயனே. 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கருவுறுவதைத் தள்ளிவைக்குமாறு பிரித்தானிய வழிகாட்டல் அறிவுறுத்துகிறது. அதுவரை நம்பகமான கருத்தடை முறை தேவை.

நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கப் போலிக் அமிலம் கருவுறும் முன்பே தொடங்கப்பட வேண்டும். நீரிழிவுள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம், பன்னிரண்டாம் வாரம் வரை என்பது பிரித்தானியப் பரிந்துரை. அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

குருதி அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் கருவுக்கு ஏற்றவை அல்ல. அவற்றை முன்னதாகவே மாற்ற வேண்டும். நீரிழிவு மாத்திரைகளிலும் பெரும்பாலானவற்றுக்குப் பதில் இன்சுலின் தொடங்கப்படும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் சர்க்கரை ஏறிக் கருவுக்கே கேடாகும்.

பேறுகாலத்தில் விழித்திரைப் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் மிகக்கூடும் என்பதால் இவ்விரண்டையும் முன்னரே சோதித்து, தேவையான சிகிச்சையை முடித்துக்கொள்ள வேண்டும்.

திட்டமிடாமல் கருவுற்றவர்களுக்கு ஒரு சொல். அச்சத்தால் மருத்துவரிடம் போகாமல் இருப்பதோ, யாரோ சொன்னதைக் கேட்டுக் கருவைக் கலைக்க முடிவெடுப்பதோ வேண்டாம். மேற்கண்ட பிரித்தானியக் கணக்கெடுப்பில், முன்கூட்டி ஆலோசனை பெறாதவர்களே மிகுதியாக இருந்தபோதும், ஆயிரத்தில் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு எதுவும் இல்லை. தெரிந்த அன்றே மருத்துவமனைக்குச் செல்வதும், அன்றிலிருந்து சர்க்கரையைச் சீராக வைப்பதும், ஐந்தாம் மாத வாக்கில் உறுப்புகளைப் பார்க்கும் ஒலி அலைச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்வதும் குழந்தைக்கு நன்மை தரும்.

நூறாண்டுகளுக்கு முன் நீரிழிவுள்ள சிறுமிக்குத் தாய்மை என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்று. இன்று அவளுக்குச் சொல்லப்பட வேண்டியது, "உன்னால் முடியும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா" என்பதே. திருமணப் பேச்சு எழும் காலத்திலேயே அதை அவளிடமும் அவள் குடும்பத்தாரிடமும் எடுத்துச் சொன்னால், அந்த ஏழு வாரங்களைத் தவறவிடாமல் இருக்கலாம்.